ஆறு மணிக்கு அணைந்த டிவி

சரியாக மாலை ஆறு மணி. டிவி அணைந்துவிட்டது.

கரண்ட் போகவில்லை. ஃப்யூஸ் போகவில்லை. ஆன்டெனா மேல் காக்கா உட்காரவில்லை. பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாலும் பிரயோஜனம் கிடையாது. ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை இல்லை, ஒரு தெருவின் கதையும் இல்லை. பிரிட்டன் முழுக்க டிவி பெட்டி வைத்திருந்த அத்தனை வீடுகளிலும் இதேதான். ஐந்து மணியிலிருந்து கதையும் பொம்மையுமாகப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டிருந்த திரை, ஆறு மணிக்குச் செத்துவிடும். மறுபடி உயிர் வருவது ஏழு மணிக்கு.

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 1957 பிப்ரவரி வரைக்கும் வருஷக்கணக்காக அங்கே இதுதான் நடைமுறை.

எதற்காக? பிள்ளைகள் தூங்கப் போவதற்காக.

சிரிக்காதீர்கள், நிஜம். சின்னது குளித்து, சாப்பிட்டு, படுக்கைக்குப் போக வேண்டும். பெரியது வீட்டுப்பாடம் எழுத உட்கார வேண்டும். டிவி ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் நடக்காது. எனவே நாட்டில் இருக்கிற ஒரே டிவி நிலையம் ஒரு மணி நேரம் கடையைச் சாத்திக்கொள்ளட்டும். இப்படி ஓர் ஏற்பாடு. 'டாட்லர்ஸ் ட்ரூஸ்' என்று இதற்குப் பெயர் வந்தது. நம்மூர் பாஷையில் சொன்னால், வாண்டுகள் போர்நிறுத்தம்.

போர் யாருக்கும் யாருக்கும் என்று கேட்கமாட்டீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டு சோபாவில் தினமும் நடக்கிற அதே போர்தான். "இன்னும் அஞ்சே நிமிஷம்ப்பா."

என் வீட்டிலும் நடக்கிறது. அதனால்தான் இந்த ஒரு மணி நேரத்தின் கதை கண்ணில் பட்டதும் விடாமல் பிடித்துக்கொண்டேன். ஒரு தேசமே சேர்ந்து பிள்ளைகளைத் தூங்க வைத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. சரி, அது ஏன் போனது? யார் எடுத்தார்கள்?

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

பிரிட்டனில் பி.பி.சி. தொலைக்காட்சி முறைப்படி தொடங்கியது 1936-ல். லண்டனில் அலெக்சாண்ட்ரா பேலஸ் என்று குன்றின் மேல் ஒரு கட்டடம், அங்கிருந்து ஒளிபரப்பு. பெட்டி வாங்க வசதி உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். 1939 செப்டம்பர் 1-ம் தேதி, யுத்தம் வரப்போகிறது என்பதால் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குக் கடைசியாக ஓடிய சமாச்சாரங்களில் ஒன்று மிக்கி மவுஸ் கார்ட்டூன். ஹிட்லர் கதை முடிந்து, 1946 ஜூன் 7-ல் மறுபடி திறந்தபோது அதே கார்ட்டூனைத் திரும்பப் போட்டார்கள். பிள்ளைகளுக்கும் திரைக்கும் நடுவே இருக்கிற பந்தம் அவ்வளவு பழசு.

அங்கே டிவி எத்தனை மணி நேரம் ஓடலாம் என்று தீர்மானித்தது யார் தெரியுமோ? தபால்துறை அமைச்சர். போஸ்ட் மாஸ்டர் ஜெனரல் என்று பதவிக்குப் பெயர். தபால், தந்தி, டெலிபோன், ரேடியோ, டிவி எல்லாம் அவர் குடைக்குக் கீழே. எத்தனை மணிக்குத் திறக்கலாம், எப்போது மூட வேண்டும் என்று அவர் சொல்வதுதான் சட்டம். மக்கள் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம் கட்டுவார்கள். அந்தப் பணத்தில் பி.பி.சி. நடக்கும். விளம்பரம் கிடையாது. இந்த விளம்பரம் கிடையாது என்பதை ஒரு ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

1953 ஜூன் 2-ம் தேதி எலிசபெத் மகாராணிக்கு முடிசூட்டு விழா. அதை டிவியில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடிப் பேர் என்பார்கள். பெட்டி இருந்த வீடுகளில் அக்கம்பக்கத்துக் கூட்டம் அள்ளியது. அதைப் பார்த்துவிட்டுப் பெட்டி வாங்கக் கிளம்பியவர்கள் ஏராளம். நடுத்தரக் குடும்பத்துக் கூடத்துக்குள் டிவி வந்து சட்டமாக உட்கார்ந்தது. கூடவே கவலையும் வந்து உட்கார்ந்தது.

கண் கெடுமா? படிப்பு போய்விடுமா? அடிதடிப் படம் பார்த்துப் பிள்ளை முரடனாகிவிடுவானா? எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அம்மாக்கள் டிவியை ஆயாவாக ஆக்கிவிடுவார்களோ என்று. பிள்ளையைப் பெட்டி முன்னால் உட்கார்த்திவிட்டு அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டால்? இந்தப் பழி தன் மேல் விழக்கூடாது என்று பி.பி.சி. பதறியது. 1953-ல் குட்டிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளுக்குச் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள் பாருங்கள்: 'வாட்ச் வித் மதர்'. அம்மாவோடு பார். அதாவது, ஐயா, நாங்கள் ஆயா வேலை பார்க்கவில்லை, பிள்ளையோடு அம்மாவும் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்று தலைப்பிலேயே முன்ஜாமீன். எத்தனை அம்மாக்கள் உட்கார்ந்தார்கள் என்பது வேறு விஷயம். அடுப்பில் இருந்ததை யார் இறக்குவது? (அப்பாவோடு பார் என்று ஏன் வைக்கவில்லை என்று கேட்டால், அந்தக் காலத்து அப்பாக்கள் பதில் சொல்ல வேண்டும்.)

இந்தக் கவலையும் புதிதல்ல. அமெரிக்காவில் 1930-களின் தொடக்கத்திலேயே சினிமா பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்று பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பேய்ன் நிதியம் என்ற அமைப்பு பணம் கொடுத்தது. அதில் ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒஹாயோவில் ஒரு விடுதிப் பிள்ளைகளின் கட்டிலில் கருவியைப் பொருத்தி, சினிமா பார்த்த ராத்திரியில் தூக்கத்தில் எவ்வளவு புரள்கிறார்கள் என்று அளந்தார்கள். இன்றைக்குக் கையில் வாட்ச் கட்டித் தூக்கத்தை அளக்கிறோமே, அதன் தாத்தா. ஆக, புதுத் திரை வருகிற ஒவ்வொரு தடவையும் பெரியவர்கள் முதலில் ஓடிப் போய்ப் பார்ப்பது பிள்ளையின் படுக்கையைத்தான். சும்மா சொல்லக்கூடாது, சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

லண்டனுக்குத் திரும்புவோம்.

ஆறு மணி இருட்டு யாருக்கும் பெரிய பிரச்னையாக இருக்கவில்லை. அம்மாக்களுக்குச் சவுகரியம். "டிவி முடிஞ்சு போச்சு கண்ணு, வா தூங்கலாம்" என்று சொல்லிவிடலாம். ஏழு மணிக்கு அது மறுபடி உயிர் பெறும் என்பது சின்னதுக்குத் தெரியாது. தெரிவதற்குள் தூங்கியிருக்கும். பொய்தான். ஆனால் தேசமே சேர்ந்து சொன்ன பொய். பக்கத்து வீட்டிலும் முடிந்துவிட்டது, எதிர் வீட்டிலும் முடிந்துவிட்டது என்கிறபோது பிள்ளைக்கு வாதாட ஒரு பிடியும் கிடையாது. 'ராஜு வீட்ல மட்டும் விடறாங்களே' என்ற பிரம்மாஸ்திரம் அங்கே செல்லாது.

பிரச்னை 1955 செப்டம்பர் 22-ம் தேதி வந்தது. ஐ.டி.வி. என்ற பெயரில்.

பிரிட்டனின் முதல் தனியார் தொலைக்காட்சி. லைசென்ஸ் பணத்தில் ஒரு பென்னி கிடையாது. விளம்பரம் போட்டுத்தான் வயிறு வளர்க்க வேண்டும். முதல் நாள் முதல் விளம்பரமே ஒரு டூத்பேஸ்ட். ஆரம்பத்தில் தொழில் படு மோசம். புது ஒளிபரப்பைப் பார்க்கப் பெட்டியில் மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர், எனவே விளம்பரமும் கொஞ்சம். முதல் வருஷம் நஷ்டக் கணக்குதான். பயந்து போய்ப் பங்கை விற்றுவிட்டுக் கழன்றுகொண்டவர்களும் உண்டு.

நான் பி.காம். படித்தவன். எந்த நல்ல காரியத்தைப் பார்த்தாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்றுதான் கண் போகும். இங்கேயும் பேரேட்டைத் திறந்து பார்த்துவிடுவோம்.

ஐ.டி.வி.யில் விளம்பரத்துக்கு அனுமதி சராசரியாக மணிக்கு 6 நிமிடம். ஆறு மணி முதல் ஏழு வரை கடை மூடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையைத் தனியாக வைத்துவிட்டால் வாரத்துக்கு 6 மணி நேரம். 36 நிமிட விளம்பரம் போச்சு. அதுவும் எந்த நேரம்? வேலை முடிந்து குடும்பம் வீட்டுக்கு வந்து உட்காரும் நேரம். நஷ்டத்தில் நிற்கும் முதலாளிக்கு அந்தக் கறுப்புத் திரையில் பிள்ளையின் தூக்கமா தெரியும்? கல்லாப்பெட்டிதான் தெரியும்.

எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள்.

கூடாது என்றது பி.பி.சி. அடடா, பிள்ளைகள் மேல் என்ன பாசம் என்று கண் கலங்கிவிட வேண்டாம். அவர்கள் பக்கத்துப் பேரேட்டையும் பாருங்கள். கூடுதலாக ஒரு மணி நேரம் ஒளிபரப்பினால் பி.பி.சி.க்குச் செலவு உண்டு, வரவு கிடையாது. லைசென்ஸ் கட்டணம் அதேதான். இந்தப் பக்கம் அந்த ஒரு மணி நேரம் வருமானம், அந்தப் பக்கம் அதே ஒரு மணி நேரம் செலவு. இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றியே பேசினார்கள். கணக்குப் பிள்ளைகள் மட்டும் உள்ளே உட்கார்ந்து வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அரை மணி நேரத்தில் சமரசமாகப் போகலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. ஒத்துவரவில்லை. பஞ்சாயத்து தபால்துறை அமைச்சரிடம் போனது.

அந்த அமைச்சர் ஒரு டாக்டர். சார்லஸ் ஹில். யுத்த காலத்தில் ரேடியோவில் உடம்பைப் பற்றிப் பேசிப் பேசி நாட்டுக்கே அறிமுகமானவர். 'ரேடியோ டாக்டர்' என்றுதான் ஜனங்களுக்குத் தெரியும். காலையில் வயிறு சரியாகப் போக வேண்டும், உலர்ந்த பிளம்ஸ் பழம் சாப்பிடுங்கள் என்று கட்டைக் குரலில் கூச்சமே இல்லாமல் சொல்வாராம். ஊரார் என்ன சாப்பிட வேண்டும் என்று அத்தனை அக்கறையாகச் சொன்ன மனிதர், ஊரார் பிள்ளை எப்போது தூங்க வேண்டும் என்பதில் மட்டும் அரசாங்கம் தலையிடக் கூடாது என்றார். பிள்ளையைத் தூங்க வைப்பது அப்பா அம்மா வேலை, சர்க்கார் வேலை இல்லை. இதுதான் அவருடைய கட்சி. பி.பி.சி.யும் ஐ.டி.வி. தரப்பும் ஒத்துப் போகாததைப் பார்த்துச் சலித்து, விஷயத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1956-ன் கடைசியில் முடிவாகிவிட்டது. அமலுக்கு வருவதற்குள் அவர் வேறு பதவிக்கு மாறிவிட்டார். போகட்டும், காரியம் அவருடையதுதான். இதே ஹில் பிற்பாடு 1963-ல் ஐ.டி.வி.யை மேற்பார்வையிடும் வாரியத்துக்குத் தலைவரானார். 1967-ல் பி.பி.சி.க்கே தலைவரானார். சில பேருக்கு ஜாதகம் அப்படி.

அவர் சொன்னதில் தப்பு என்ன என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. என் பிள்ளை எப்போது தூங்க வேண்டும் என்று மந்திரி எதற்குச் சொல்ல வேண்டும்? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாசகம் அப்பா அம்மாவின் உரிமைக்காகப் பிறந்ததில்லை. எங்களுக்கு உரிமை கொடு என்று அம்மாக்கள் ஊர்வலம் போகவில்லை. விளம்பரக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. அது கைமாறும்போது பொறுப்பு பெற்றோர் கையில் வந்து விழுந்தது. வரவு ஒரு கணக்கில், பொறுப்பு இன்னொரு கணக்கில். எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் இதைப் பார்த்தால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

1957 பிப்ரவரி 16, சனிக்கிழமை. முதன்முறையாக ஆறு மணிக்குத் திரை அணையவில்லை. ஆறு மணிக்கு பி.பி.சி.யில் செய்தி. ஆறு ஐந்துக்குப் புதிதாக ஒரு நிகழ்ச்சி, 'சிக்ஸ் ஃபைவ் ஸ்பெஷல்'. ரயில் ஒன்று தடதடவென்று வரும், பாட்டு, ஆட்டம், கும்மாளம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்றே வந்த இசை நிகழ்ச்சி, சக்கைப்போடு போட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை 'டுநைட்' என்று நாட்டு நடப்பைக் கலகலப்பாகச் சொல்லும் நிகழ்ச்சி. இரண்டுமே பேர் சொல்லும் நிகழ்ச்சிகள், இல்லை என்று சொல்லமாட்டேன். செலவுக்குப் பயந்து அழுத பி.பி.சி.க்குத்தான் அந்த ஒரு மணி நேரத்தால் பெரிய பேர் கிடைத்தது. ஐ.டி.வி.க்கும் சுக்கிர திசை ஆரம்பம். அதே 1957-ல் ஸ்காட்லாந்தில் தனியார் டிவி தொடங்கிய ராய் தாம்சன் என்ற பத்திரிகை முதலாளி, இது நோட்டு அச்சடிக்கக் கிடைத்த லைசென்ஸ் என்று வாய்விட்டுச் சொல்லிப் பிரபலமானார்.

ஒரு நாள் மட்டும் தப்பித்தது. ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை ஆறேகால் முதல் ஏழு இருபத்தைந்து வரை மூடி வைத்திருந்ததை அப்போதைக்குத் தொடவில்லை. அது பிள்ளைகளுக்காக மூடியது இல்லை. ஜனங்கள் சர்ச்சுக்குப் போவதற்காக. குழந்தையும் தெய்வமும் ஒன்று என்பதெல்லாம் நம்மூரில்தான் போலிருக்கிறது.

சரி. போர்நிறுத்தம் போன பிறகு பிள்ளைகள் என்ன ஆனார்கள்? குடி முழுகிவிட்டதா?

முழுகவில்லை. இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில்தான் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஹில்டே ஹிம்மல்வைட் என்ற உளவியலாளர் பிள்ளைகளும் டிவியும் என்று பெரிய ஆய்வு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். பெர்லினில் பிறந்து இங்கிலாந்தில் வேர் பிடித்தவர். பத்து, பதினொரு வயது, பதிமூன்று, பதினான்கு வயது என்று இரண்டு வகைப் பிள்ளைகள். டிவி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஜோடியாக, அதே வயது, அதே புத்திசாலித்தனம், அதே வசதியுள்ள டிவி இல்லாத வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். நார்விச் ஊரில் டிவி வருவதற்கு முன்னால் ஒரு தடவையும், வந்த பிறகு ஒரு தடவையும் அளந்தார்கள். இன்றைக்கு இப்படி ஓர் ஆய்வு நடத்தவே முடியாது. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டை எங்கே போய்த் தேடுவது?

1958-ல் புத்தகமாக வந்தது. பயந்தவர்களுக்கும் ஏமாற்றம், கொண்டாடியவர்களுக்கும் ஏமாற்றம். கண் கெடவில்லை, படிப்பு பெரிதாகச் சரியவில்லை. புத்தகம் படிப்பது முதலில் குறைந்தது, கொஞ்ச நாளில் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. ரேடியோவும் காமிக்ஸும்தான் அடி வாங்கின. தூங்கப் போவது தாமதமானது, ஆனால் கொஞ்சம்தான். ஒரு விஷயம் மட்டும் எல்லோரையும் நெளிய வைத்தது. பிள்ளைகள் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியோடு நிற்கவில்லை. அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது பெரியவர்கள் பார்க்கிற துப்பறியும் சமாச்சாரங்கள்தான். ராத்திரி முழித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆக, ஆறு மணி இருட்டு ஒன்றும் மந்திரச் சுவர் இல்லை. நடக்கத் தெரிந்த குட்டிகளை நிறுத்தியது, ஏறத் தெரிந்த பெரிய பிள்ளைகள் எகிறிக் குதித்தார்கள்.

அப்புறம் எதற்கு அந்த ஒரு மணி நேரத்துக்காக இவ்வளவு தூரம் எழுதுகிறாய் என்கிறீர்களா? ஹிம்மல்வைட் அளந்த டிவி, ராத்திரி ஆனால் தானே மூடிக்கொள்ளும் டிவி. போர்நிறுத்தம் போனாலும், எல்லா நிகழ்ச்சியும் முடிந்து தேசிய கீதம் பாடித் திரை இருண்டு போவது போகவில்லை. எப்படியும் ஒரு முடிவு உண்டு. நம்மூரிலும் அப்படித்தானே? 1975-ல் சென்னைக்கு டிவி வந்தது. நான் பள்ளிக்கூடம் போன 1980-களில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சினிமா, அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடைக்காது. ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல் திரையில் புள்ளிகள்தான். என்னைத் தூங்கப் போகச் சொல்லி என் அப்பா குரல் உயர்த்தியதாக ஞாபகம் இல்லை. அவர் பொறுமைசாலி என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் தெரிகிறது, பாதி வேலையை தூர்தர்ஷன் பார்த்துக் கொடுத்திருக்கிறது.

அந்த முடிவு என்கிற சங்கதிதான் பிறகு ஒவ்வொரு செங்கல்லாக உருவப்பட்டது.

அமெரிக்காவில் ஆரம்பத்திலிருந்தே அரசாங்கப் போர்நிறுத்தமெல்லாம் கிடையாது. அங்கே லாயிட் மாரிசெட் என்ற உளவியலாளரின் மூன்று வயது மகள், விடியற்காலையில் நிகழ்ச்சி ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எழுந்து வந்து, திரையில் தெரியும் வெறும் கோடும் கட்டமுமான டெஸ்ட் பேட்டர்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். 1966-ல் ஒரு விருந்தில் இதைச் சொல்லித்தான் அவர் ஜோன் கான்ஸ் கூனி என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரோடு பேச ஆரம்பித்தார். இப்படி ஒட்டிக்கொள்கிற பிள்ளைக்கு எதையாவது உருப்படியாகச் சொல்லிக் கொடுக்கலாமே என்று போன பேச்சு, 1969-ல் 'செசாமி ஸ்ட்ரீட்' ஆனது. அது நல்ல பக்கம். இன்னொரு பக்கம், 1980-களில் ரீகன் ஆட்சியில் ஒளிபரப்பு ஆணையத்தின் தலைவராக வந்த மார்க் ஃபவுலர், டிவியும் ஒரு வீட்டுச் சாமான்தான், படம் காட்டுகிற டோஸ்டர் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் நிகழ்ச்சியில் இருந்த விளம்பரக் கட்டுப்பாடுகள் 1984-ல் கழன்றன. பொம்மைக் கம்பெனிகள் பொம்மையையே கதாநாயகனாக்கி அரை மணி நேர கார்ட்டூன் போட்டன. பார்க்கிற பிள்ளைக்கு எது கதை, எது விளம்பரம் என்று தெரியாது. தெரியக்கூடாது என்பதுதானே வியாபாரம்.

அப்புறம் கேபிள் வந்தது, 24 மணி நேரம் வந்தது. தமிழில் 1993-ல் சன் டிவி வந்ததும் நம் வீட்டு இருட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி. இருந்தாலும் கேபிள் டிவியிலும் ஒரு நிகழ்ச்சி முடியும், டைட்டில் ஓடும். "இது முடிஞ்சதும் எழுந்திரு" என்று சொல்ல ஒரு இடம் இருந்தது.

அந்த இடத்தையும் எடுத்தது பக்கா இன்ஜினியரிங். 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கம் முடிந்ததும் 'அடுத்த பக்கம்' பட்டனை அழுத்தாமலே கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டு அவரே ஊர் ஊராகப் பேசினார். 2012-ல் நெட்ஃப்ளிக்ஸ் ஒரு அத்தியாயம் முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓட்ட ஆரம்பித்தது. 2015-ல் யூடியூபிலும் அதுவே வழக்கமானது. பார்க்க வேண்டும் என்றால் பட்டனை அழுத்து என்று இருந்த உலகம், நிறுத்த வேண்டும் என்றால் பட்டனை அழுத்து என்று தலைகீழாகத் திரும்பியது. மூன்று வயதுப் பிள்ளை நிறுத்துகிற பட்டனை அழுத்தும் என்று நினைக்கிறீர்கள்? நாம் அழுத்துகிறோமா? 2021-ல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் கணக்குகளில் யூடியூப் அந்தத் தானியங்கியை அணைத்து வைத்தது, வாஸ்தவம். ஆனால் நம் வீட்டு வாண்டு பார்ப்பது அப்பாவின் போனில், அப்பாவின் கணக்கில். யூடியூபைப் பொறுத்தவரை அந்த வாண்டுக்கு என் வயது.

2017-ல் நெட்ஃப்ளிக்ஸின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், உங்கள் போட்டியாளர் யார் என்கிற பேச்சு வந்தபோது, அமேசானோ டிவியோ அல்ல, தூக்கம்தான் என்றார். ஜோக்காகத்தான். ஆனால் சொன்னது பங்குச் சந்தைக்காரர்களோடு லாபக் கணக்குப் பேசுகிற கூட்டத்தில். அறுபது வருஷத்துக்கு முன்னால் லண்டனில் எந்த ஒரு மணி நேரத்துக்காகச் சண்டை நடந்ததோ, அந்தப் பேரேடு இன்னும் மூடப்படவில்லை.

இடையில் சில நாடுகள் இருட்டைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தன. ஐஸ்லாந்தில் 1987 வரைக்கும் வியாழக்கிழமை ராத்திரி டிவியே கிடையாது. அது பழைய வழக்கம், அதுவும் போயிற்று. தென் கொரியா 2011-ல் புதிதாகவே ஒரு சட்டம் போட்டது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆட முடியாது, கம்பெனியே கதவைச் சாத்திவிட வேண்டும். சின்ட்ரெல்லா சட்டம் என்று கேலிப் பெயர். பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். அதற்குள் ஆட்டம் கம்ப்யூட்டரை விட்டுக் கைப்பேசிக்குத் தாவிவிட்டது. சட்டம் கம்ப்யூட்டரைப் பூட்டிக்கொண்டு காவல் காத்தது. 2022 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் பெற்றோரே கேட்டு நேரம் குறித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் ஹில் சியோலில் மறுபிறவி எடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

ஆஸ்திரேலியா வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 2024 நவம்பரில் சட்டம், 2025 டிசம்பர் 10 முதல் அமல். 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் மாதிரியான தளங்களில் கணக்கு கிடையாது. இதில் என் பி.காம். கண் போய் நின்ற இடம் அபராதப் பிரிவு. பிள்ளைக்கு அபராதம் இல்லை. அப்பா அம்மாவுக்கும் இல்லை. தளத்துக்கு மட்டும், அதிகபட்சம் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். வரவு யார் கணக்கிலோ, பொறுப்பும் அந்தக் கணக்கிலேயே. வேலை செய்யுமா? பிள்ளைகள் கில்லாடிகள், கொரியாவில் பார்த்தோம். தனியாக இருக்கிற பிள்ளைக்கு, நாலு சிநேகிதர்கள் கிடைக்கிற ஒரே வாசலையும் அடைக்கிறார்களே என்று கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாலைந்து வருஷம் போகட்டும். ஹிம்மல்வைட் மாதிரி ஒருவர் பொறுமையாக அளந்து சொல்லட்டும்.

அதுவரைக்கும் அவரவர் வீட்டுக்கு அவரவர்தான் தபால்துறை அமைச்சர். போன மாதம் என் வீட்டிலும் ஒரு போர்நிறுத்தம் அறிவித்தேன். பேசிப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, கத்திப் பார்த்து எதுவும் நடக்காமல் லண்டன் அம்மாக்களின் வழிக்கே வந்துவிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு, யாரும் பார்க்காத சமயம் ஷூ ரேக்குக்கு மேலே இருக்கிற வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

"அப்பா, நெட் போச்சு."

"ஆமாண்டா. கம்பெனிக்காரனே ஒன்பது மணிக்கு நிறுத்திடறானாம். இனிமே தினமும் அப்படித்தானாம்."

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். எழுந்து உள்ளே போனான். படுக்கப் போகிறான் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு நிமிஷத்தில் படுக்கையறையிலிருந்து கார்ட்டூன் சத்தம் கேட்டது. அவன் அம்மாவின் போன். அதில் மொபைல் டேட்டா.